சார்ஜில் போட்டாச்சு

அண்ணி பையை மூன்றாவது தடவையாகப் பிரித்தாள். மடித்து வைத்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில், தம்பியின் மரத்துப்போன கால்களுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நாலு வருஷமாக இந்த வீட்டை விட்டு ஒரு பொழுது வெளியே தங்காதவளுக்குப் பை கட்டும் வித்தையே மறந்துபோயிருந்தது.

“சோப்பு வச்சேனா?”

“வச்சீங்க அண்ணி. ரெண்டு வச்சீங்க.”

“ரெண்டு எதுக்கு? குளிச்சுக்கிட்டே இருக்கவா போறேன்?” ஒன்றை எடுத்து வெளியே எறிந்தாள்.

பதில் சொன்னவள் தம்பியின் மனைவி; புருஷனின் அக்காவை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து சளி எடுக்கிற மெஷினை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பழைய ரேடியோப் பெட்டி அளவுக்கு, உள்ளே பேட்டரி வைத்த ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் ஒட்டினாற்போல ஒரு பிளாஸ்டிக் ஜாடி, ஜாடியிலிருந்து ஒரு டியூப். கட்டிலில் கிடந்தவனுக்குத் தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். மூச்சு அது வழியாகத்தான். இருமித் துப்பத் தெம்பு கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது டியூபைத் தொண்டைக் குழாய்க்குள் இறக்கி, மெஷினை ஓட்டி, நெஞ்சுச் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் சில நிமிஷம்தான். கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிற வேலை பார்த்தவன். மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தபோது கையில் இருந்த, கம்பி முறுக்கும் கொறடை விடாமல் பிடித்துக்கொண்டே விழுந்தான் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். கொறடு பிடித்த வலது கையில் இரண்டு விரல் மட்டும் இன்றைக்கும் அசையும். கழுத்துக்குக் கீழே மற்றதெல்லாம் போயிற்று. கண்ணும் காதும் புத்தியும் முழுசாக இருந்தன. அதுதான் கொடுமை என்று அண்ணி சொல்வாள்.

அவன் விழுந்தபோது மனைவி வேறு நாட்டில் வேலையில் இருந்தாள். பதினைந்து நாள் லீவில் வந்து பார்த்தாள். பார்த்துவிட்டதாலேயே திரும்பிப் போனாள். படுக்கையில் கிடக்கிறவனுக்கு மருந்து வாங்க யாராவது ஒருத்தர் எங்கேயாவது வேலையில் இருந்தாக வேண்டும். பார்த்துக்கொள்ள யாராவது ஒருத்தர் வீட்டில் இருந்தாக வேண்டும். அண்ணி இருந்தாள்.

தம்பி மனைவி துடைத்து முடித்து மெஷினை ஸ்டூல் மேல் தூக்கி வைத்தாள். ஒயரை இழுத்து, சுவரில் கட்டில் உயரத்துக்கு இருந்த பாயிண்டில் பிளக்கைச் செருகினாள். மூன்று முள்ளும் அடிவரை இறங்கி இறுகியது உள்ளங்கைக்குத் தெரிந்தது. பாயிண்டுக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் இருந்தது. அதை அவள் போடவில்லை.

மறந்துவிட்டாள் என்று சொல்வதற்கில்லை. மறக்கிறதுக்கு முதலில் அது மனசில் இருக்க வேண்டும். அவள் ஒன்பது வருஷம் இருந்த நாட்டில் பிளக் பாயிண்டுக்குச் சுவிட்ச் கிடையாது. சுவரில் ஒரு சின்னக் குழி, குழிக்குள் இரண்டு ஓட்டை. செருகினால் கரண்ட் வரும், பிடுங்கினால் நிற்கும். போன முதல் நாள், இங்கிருந்து கொண்டுபோன போன் சார்ஜரின் முள் அந்தக் குழிக்குள் நுழையவே இல்லை. வேலைக்குப் போன வீட்டின் மகன் ஒரு மாற்றுப் பிளக் கொடுத்தான். செருகிவிட்டுச் சுவரெல்லாம் தடவிச் சுவிட்சைத் தேடினாள். அவன் பாஷை இவளுக்குத் தெரியாது. கட்டைவிரலைக் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டினாள். ஏதோ பூச்சியை நசுக்கச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் குனிந்து தரையைப் பார்த்தான். செருப்பைக் கூடக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டான். போனில் சார்ஜ் ஏறிக்கொண்டிருப்பது அவளுக்குக் கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அப்புறம் பழகிப்போயிற்று. படுக்கையோடு கிடந்த மூன்று பேரை அங்கே அடுத்தடுத்துப் பார்த்துக்கொண்டாள். மூன்று பேருக்கும் மெஷின்கள். சளி எடுக்க ஒன்று, காற்றுப் படுக்கைக்கு ஒன்று, மூச்சுக்கு மருந்துப் புகை கொடுக்க ஒன்று. ஒரு நாளைக்கு நாற்பது தடவை செருகியிருப்பாள், நாற்பது தடவை பிடுங்கியிருப்பாள். கம்பி கட்டுகிறவன் கம்பியைப் பார்த்தா கட்டுகிறான்? கண் வேறெங்கோ இருக்கும், விரல் முறுக்கிக்கொண்டு போகும். அவள் கையும் அப்படி ஆகிவிட்டது. வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. விளக்குக்கும் பேனுக்கும் சுவிட்சைத் தேடிக் கை போயிற்று. பிளக்கைச் செருகினால் மட்டும் வேலை முடிந்ததாகவே அந்தக் கை நினைத்தது.

மூன்றாம் நாளே ஒரு தடவை இப்படி ஆயிற்று. ராத்திரி சார்ஜில் போட்ட போன் காலையில் செத்துக் கிடந்தது. அண்ணி சுவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “ஏம்மா, உங்க நாட்டுல கரண்டு ஓட்டைக்குள்ளயே காத்துக்கிட்டு நிக்குமா, எப்படா மாட்டுவாங்கன்னு?” என்றாள். அவளும் சிரித்தாள். போன் விஷயம்தானே.

மெஷினில் சார்ஜ் ஏறுவதைக் காட்ட ஒரு பச்சை விளக்கு உண்டு. அது நேரே தம்பியின் கண்ணில் குத்துகிறது என்று அண்ணி எப்போதோ அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். பிளாஸ்திரி அழுக்கேறி மெஷினின் தோலோடு தோலாகியிருந்தது. பிளக்கைப் பிடுங்கும் வழக்கமே அண்ணிக்குக் கிடையாது. விளக்கு வைக்கிற நேரத்தில் சுவிட்சைப் போடுவாள், விடிந்ததும் அணைப்பாள். எட்டு நாளில் அவள் சொல்லித்தராதது எதுவும் இல்லை. டியூபை எத்தனை விரல் ஆழம் இறக்குவது, எந்தப் பக்கம் திருப்பினால் அவன் முகம் சுளிப்பான், கஞ்சிக் குழாயை எப்படி அலசுவது, எல்லாம் சொன்னாள். சுவிட்சைப் போடு என்று மட்டும் சொல்லவில்லை. அதை யார் யாருக்குச் சொல்லித்தருவார்கள்?

“சார்ஜுல போட்டாச்சா?” என்று கேட்டாள், பையிலிருந்து தலையை எடுக்காமல்.

“போட்டாச்சு அண்ணி.”

அண்ணி போவது மகள் வீட்டுக்கு. பஸ்ஸில் பத்து மணி நேரம். மகளுக்கு இரண்டு தடவை கலைந்து, இது மூன்றாவது. படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகனுக்கு ஷிப்டு வேலை. “இந்தத் தடவையும் நீ வரலேன்னா அப்புறம் வரவே வேணாம்மா” என்று மகள் போனில் சொன்னாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் அண்ணிக்குப் பரவாயில்லை. முதல் இரண்டு தடவையும் தம்பியை விட்டு நகர முடியாமல் போனிலேயே மகளைத் தேற்றியவள். அதற்காகத்தான் தம்பி மனைவி இப்போது இரண்டு மாசம் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவள் தனியாகச் சமாளித்தால் அண்ணி அங்கே இருக்கலாம். சமாளிக்க முடியவில்லை என்றால் அண்ணி திரும்ப வேண்டும், அங்கே ஒரு பெண் தனியாகப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

சமாளிக்க முடியாதா என்ன? இதுதானே அவள் தொழில். வந்த இரண்டாம் நாளே கையுறை போட்டுக்கொண்டுதான் டியூபைத் தொட வேண்டும், தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் அலச வேண்டும் என்று ஆரம்பித்தாள். அண்ணிக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. “நாலு வருஷமா என் கையால அவன் செத்தா போயிட்டான்?” என்றாள். மறுநாள் விடிகாலையில் பார்த்தால் அண்ணி தனியாக நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் போக வேண்டிய இடத்தில் மோதிர விரலை நுழைத்துவிட்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணி பை கட்டிய அன்று சாயங்காலம் அவன் தட்டினான்.

இரண்டு விரலால் கட்டில் கம்பியில் தட்டுவதுதான் அவன் பேச்சு. ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. விடாமல் தட்டினால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம். விடாமல் தட்டினான்.

“நாக்கு காயுதா? நனைக்கட்டுமா?”

இரண்டு தட்டு.

“திரும்பிப் படுக்கணுமா? வலிக்குதாங்க? பேன் வேகமா இருக்கா?”

இரண்டு. இரண்டு. இரண்டு. கண் சுவர்ப் பக்கம் போய்ப் போய் வந்தது. அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். போன வருஷத்து மருந்துக்கடைக் காலண்டர் ஒன்று தொங்கியது.

“தேதியா? அண்ணி என்னைக்கு வருவாங்கன்னு கேக்குறீங்களா?”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு மறுபடி தட்டினான். அந்த நாட்டில் பாஷை தெரியாத கிழவிக்கு எது வேண்டும் என்று அவள் புருவம் சுருங்குவதை வைத்தே கண்டுபிடிப்பாள். அந்தக் குடும்பமே அவளை மெச்சியது. இங்கே புருஷன் தட்டுவது புரியவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“விடும்மா, நான் போறது அவனுக்குப் புடிக்கல” என்றாள் அண்ணி. “நாலு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் கெடக்கான்.” எழுந்து வந்து தம்பியின் தலைமுடியைக் கோதினாள். “டேய், நான் என்ன கல்யாணம் பண்ணிக்கிட்டா போறேன்? ஒரு நாப்பது நாள்டா. அக்கா மூஞ்சியே பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சுன்னு இருந்திருப்ப, இப்ப பொண்டாட்டி வந்து நிக்கிறா. ரொம்பத்தான் பிகு பண்ணாத.”

அவன் இன்னும் கொஞ்ச நேரம் தட்டிவிட்டு ஓய்ந்துபோனான்.

ராத்திரி இரண்டு பேரும் மாறி மாறி எழுந்து மெஷினை ஓட்டினார்கள். பழைய சார்ஜில் அது ஓடியது. விடியும் முன்பே பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அண்ணி இருட்டோடு கிளம்பிவிட்டாள். சுவிட்சை அணைக்கும் வேலையைக் கூட இன்றைக்குத் தம்பி மனைவியிடம் விட்டுவிட்டாள். வாசலில் நின்று சொன்னதையே திரும்பச் சொன்னாள். பையை அவள் கையிலிருந்து வாங்கினாள், கொடுத்தாள், மறுபடி வாங்கினாள். தெருமுனை திரும்பின பிறகுதான் தெரிந்தது, தன்னுடையதை விட்டுவிட்டு அவளுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருந்தாள்.

வீடு அவள் கைக்கு வந்தது. அவனை ஒருக்களித்து, முதுகைத் துடைத்து, விரிப்பை மாற்றினாள். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றினாள். முகம் மழித்தாள். ஒன்பது வருஷத்தில் அவன் தாடையின் வலது பக்கம் ஒரு நரைத் திட்டு விழுந்திருந்தது, அதை அவள் இப்போதுதான் பக்கத்தில் பார்த்தாள். எட்டு மணிக்கு மெஷினை ஓட்டியபோது சத்தம் கொஞ்சம் கம்மி. பழைய மெஷின், அப்படித்தான் இருக்கும். அவன் தட்டினான். “இருங்க, இருங்க, ஒண்ணொண்ணாத்தான் பண்ண முடியும்” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

பத்து மணி சுமாருக்கு அவன் நெஞ்சு கரகரத்தது. ஓடிவந்து டியூபைக் குழாய்க்குள் இறக்கினாள். மெஷின் பட்டனை அமுக்கினாள். உம்மென்று தொடங்கி, மூச்சு வாங்கி, நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினாள். ஒன்றும் இல்லை. அண்ணாந்து பார்த்தாள். பேன் சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் இருக்கிறது. பிளக்கைப் பார்த்தாள். அடிவரை இறங்கித்தான் இருந்தது. பிடுங்கினாள், முள்ளை முந்தானையில் துடைத்தாள், மறுபடி செருகி உள்ளங்கையால் குத்தினாள். அமுக்கினாள். இல்லை. அந்த நாட்டில் இதற்கு மேல் பார்க்க ஒன்றும் கிடையாது. செருகியும் ஓடவில்லை என்றால் மெஷின் போய்விட்டது. அவள் கை அப்படித்தான் முடிவு கட்டியது. சுவிட்சுக்கும் அவள் சுண்டுவிரலுக்கும் நடுவே ஓர் அங்குலம் இருந்தது.

அவன் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. கம்பியில் விரல் தடதடவென்று அடித்தது. கண் ஓரமாகத் திரும்பித் திரும்பிச் சுவரில் போய் நின்றது. கண் சொருகுகிறது என்று அவள் நினைத்தாள்.

“தையல்காரம்மா! யக்கா! யாராச்சும் வாங்களேன்!” என்று கத்தினாள். கத்திக்கொண்டே டியூபின் மறுமுனையை மெஷினிலிருந்து பிடுங்கித் தன் வாயில் வைத்தாள். உறிஞ்சினாள். வரவில்லை. குழாய்க்குள் நாலு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டு, அவனை ஒரு தோளில் சாய்த்து, முதுகில் உள்ளங்கையைக் குவித்துத் தட்டி, மறுபடி உறிஞ்சினாள். கன்னம் இரண்டும் குழிந்து காது அடைத்தது. கோந்து போல் ஏதோ இளகி வாய்க்குள் வந்து விழுந்தது. தரையில் துப்பினாள். மறுபடி. உப்பும் இரும்பும் கலந்த ருசி. ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அவன் மூச்சு அவள் வாய்க்கு வந்தது இப்படித்தான். நாலாவது தடவை துப்பியபோது குழாயில் விசிலடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. காற்று போகிறது.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் அளவு டேப்போடும் வாயில் இரண்டு குண்டூசியோடும் வந்து நின்றாள். ஊசியை எடுத்துத் தோளில் குத்திக்கொண்டாள்.

“மெஷின் செத்துப்போச்சுக்கா. வண்டிக்குச் சொல்லணும், ஆஸ்பத்திரிக்கு...”

தையல்காரம்மா மெஷினைப் பார்த்தாள். ஒயரைப் பிடித்தபடி கண்ணை ஓட்டிச் சுவருக்குப் போனாள். நாளெல்லாம் மோட்டாரோடு மாரடிக்கிறவள். “சுவிட்சே போடலியேம்மா” என்று கட்டைவிரலால் தட்டினாள்.

மெஷின் வீடே அதிர அலறியது.

அவள் டியூபை மாட்டினாள். மிச்சத்தை எடுத்தாள். ஜாடியில் வந்து விழுந்ததைப் பார்த்தாள். உதட்டின் கறுப்பு வெளுத்து, பழைய மஞ்சள் நிறத்துக்கு வருகிற வரை அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு அவன் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தாள். காலண்டருக்கு ஒரு சாண் கீழே சுவிட்ச் இருந்தது. நேற்று சாயங்காலத்திலிருந்து, அவன் தலை திரும்பியிருந்த பக்கத்தில், கண்ணுக்கு நேரே.

“நேத்துலருந்து சொல்லிக்கிட்டே இருந்தீங்களா?” என்று கேட்டாள்.

அவன் தட்டவில்லை. களைத்திருந்தான். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான், அதில் கோபம் இருந்ததா என்று அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. அண்ணியாக இருந்தால் படித்திருப்பாள்.

தையல்காரம்மா துடைப்பத்தையும் சாம்பலையும் அவளே தேடி எடுத்துத் தரையைச் சுத்தம் பண்ணினாள். போகும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினாள். “மெஷின் கோளாறுன்னு சொல்லிரு. அந்தம்மா காதுக்கு இது போச்சுன்னா அடுத்த பஸ்ஸுல வந்து நிப்பா. மக அங்க அந்த நெலமையில கெடக்குது. நான் வாயத் தொறக்க மாட்டேன், சத்தியமா.” ஒரு நிமிஷம் யோசித்தாள். “இவனாலயும் தொறக்க முடியாது” என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு போனாள்.

நல்ல யோசனைதான். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதை நினைத்துப் பார்த்தாள். கோளாறு என்றால் என்ன கோளாறு என்று அண்ணி கேட்பாள். யார் வந்து பார்த்தது, எந்தக் கடை, என்ன சொன்னான். நாற்பது நாளும் அதைக் கட்டிக் காக்க வேண்டும். பொய்யைச் சுமக்கவும் உடம்பில் தெம்பு வேண்டும். அவள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அதற்கு முன்னால் ஒன்பது வருஷமாக நல்ல தூக்கம் இல்லை. போனை எடுத்தாள்.

“என்னம்மா?” பஸ் சத்தத்துக்கு மேலே அண்ணி கத்தினாள். “பாதி தூரம் வந்தாச்சு. இன்னும் கொஞ்சத்துல டீ குடிக்க நிறுத்துவாங்களாம். என்ன கொரலு ஒரு மாதிரி இருக்கு?”

“அவருக்கு அடைச்சுக்கிச்சு அண்ணி. இப்ப பரவால்ல. எடுத்துட்டேன்.”

“மெஷின் ஓடுச்சுல்ல?”

“ஓடல. சார்ஜ் இல்ல. நேத்து பிளக்க மாட்டினேன். சுவிட்சப் போடல.”

பஸ்ஸின் இரைச்சல் மட்டும் வந்தது. யாரோ ஒரு குழந்தை விடாமல் இருமியது. அவள் திட்டுக்குக் காத்திருந்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எப்படி எடுத்த?”

“வாயாலதான்.”

“துப்பிட்டியா?”

“துப்பிட்டேன்.”

“உப்புத் தண்ணி போட்டு நல்லாக் கொப்புளி. அசிங்கம்னு சொல்லல. காய்ச்ச வந்து நீயும் படுத்துராத.” குரல் இறங்கி, “அவன் நேத்து தட்டுனான்ல?” என்றாள்.

“ஆமாண்ணி.”

“செவுத்தப் பாத்துத் தட்டுனான்.”

“ஆமா.”

“நாலு வருஷமா தெருவெல்லாம் பீத்திக்கிட்டேன், என் தம்பி ஒரு தட்டு தட்டுனா எனக்குத் தெரியும்னு. நேத்து கிட்டப் போயி நின்னு கிண்டல் பண்ணிட்டு வந்தேன் பாரு.” மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “அந்தப் பச்ச வெளக்குல பிளாஸ்திரிய ஒட்டுனதும் இந்த மகராசிதான்.”

“நீங்க திரும்பி வரணும்னு நான் போன் பண்ணல அண்ணி.”

“பின்ன எதுக்குப் பண்ண?”

அவள் மெஷினில் இருந்த பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டினாள்.

“இங்க பாரு” என்றாள் அண்ணி. “அங்க எம் மக. அங்கயும் ஒரு கட்டில், இங்கயும் ஒரு கட்டில். நான் பாத்துக்கறேன் அண்ணி, நீங்க போங்கன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் போறேன். வேற எதுவும் கேக்கல.”

அவள் வாயைத் திறந்தாள். அந்த வார்த்தையை நேற்று வரை பத்துத் தடவை சொல்லியிருந்தாள், ஒரு தடவை கூட யோசிக்கவில்லை. இப்போது தன் வலது கையைப் பார்த்தாள். மடியில் மல்லாந்து கிடந்தது. நகத்தோரம் வெடித்து, நல்ல உழைத்த கை. யாரோ ஒருத்தருடையது போல இருந்தது.

“ஏம்மா, லைன்ல இருக்கியா?”

“இருக்கேன் அண்ணி.”

“சொல்ல மாட்டியா?”

“வர மாட்டேங்குது.”

அண்ணி பெருமூச்சு விட்டாள். அது பெருமூச்சா, பஸ் பிரேக் போட்ட சத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. “சரி, போன அவன் காதுல வை” என்றாள்.

அவள் எழுந்து கட்டிலின் அந்தப் பக்கம் போய், மண்டிபோட்டு, போனை அவன் காதோடு சேர்த்துப் பிடித்தாள். அண்ணியின் குரல் அந்தக் காதுக்குள் போய்விட்டது. வெளியே இருந்தவளுக்கு ஒரு ஈயின் ரீங்காரம் அளவுக்குத்தான் கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை. நிறையப் பேசினாள் அண்ணி. ஒரு இடத்தில் அவன் தொண்டைக் குழாய் சிரிப்பது போலக் களுக்கென்றது, அழுகையாகவும் இருக்கலாம். பிறகு பேச்சு நின்றது. பஸ் நின்றதும் கேட்டது. கதவு திறந்தது, டீ டீ என்று யாரோ கூவினார்கள், ஆட்கள் இறங்கினார்கள். போன் அணையவில்லை. திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் கை மரத்துக்கொண்டு வந்தது. மாற்றினால் காதிலிருந்து விலகிவிடும் என்று மாற்றாமல் பிடித்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து அங்கே இன்ஜின் உறுமியது. கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. பஸ் கிளம்பியது. அந்தச் சத்தம் அண்ணியைத் தூக்கிக்கொண்டு போகிறதா, திரும்பி வர அவளை ரோட்டோரத்தில் விட்டுவிட்டுத் தேய்ந்துகொண்டே போகிறதா என்று போனைப் பிடித்திருந்தவளுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரியும். மழித்த கன்னத்தில் போனின் வெளிச்சம் விழ, கண்ணைச் சிமிட்டாமல், அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.